முப்பது வெள்ளைக் குளிசைகள்

"அக்கா குளிசையெல்லாம் ஒழுங்காப் போட்டவவா?" என்று கண் டொக்டர் என்னைக் கேட்டார்.

அக்கா பக்கத்துக் கதிரையில்தான் பிள்ளையோடு இருந்தாள். அவளைக் கேட்டிருக்கலாம். ஆனால் என் மடியில் கொப்பி இருந்தது. அதில் அக்காவின் கிளினிக் நாட்கள், பிள்ளையின் நிறை, பால் கொடுத்த நேரம் எல்லாவற்றையும் நீலப் பேனையால் கோடு போட்டு எழுதியிருந்தேன். கையெழுத்து அழகாக இருந்தால் அந்தப் பிள்ளை பொய் சொல்லாது என்று பெரியவர்கள் நம்புகிறார்கள்.

"ஓம் டொக்டர். நான்தான் எடுத்துக் குடுத்தனான். காலமையும் பின்னேரமும்" என்றேன்.

அது பொய் இல்லை. ஒரு வேளையும் நான் தவறவிட்டதில்லை.

இப்போது நான் எழுதுகிற இது என்னுடைய பதினோராவது கொப்பி. மற்றப் பத்தும் அலுமாரிக்குப் பின்னால், பழைய சேலையில் சுற்றிக் கிடக்கின்றன. கிளினிக் விபரம் தவிர இப்படியும் எழுதுகிறேன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. சாமான் கணக்கு எழுதுகிறேன் என்று அம்மா நினைக்கிறார். இன்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. முதலிலிருந்து ஒழுங்காக எழுத நேரம் இருக்கிறது.

என் அப்பா இன்னாசிப்பிள்ளை உடப்புக் கடற்கரைக்குப் பக்கத்தில் இறால் குஞ்சு பொரிக்கிற ஓர் இடத்தில் வேலை செய்தார். ஹச்சரி என்றுதான் எல்லோரும் சொல்வோம். தொட்டிகளுக்குக் கடல் தண்ணீர் மாற்றுவது அவருடைய வேலை. பாடசாலை விடுமுறையில் நானும் கூடப் போவேன். அங்கே ஒருவரோடும் கதைக்க வேண்டியதில்லை. இறாலுக்குக் கேட்காது, காற்றுக் குழாயின் இரைச்சலில் மனிதருக்கும் கேட்காது. அது எனக்குப் பிடித்திருந்தது.

மனேஜர் இஸ்ஸதீன் நானா மதுரங்குளிக்காரர். ஒருநாள் அவர் தாய் இறால் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, சூடாக்கிய இடுக்கியால் அதன் ஒரு கண்ணைத் தண்டோடு நசுக்கி எடுத்தார். நான் இரண்டு அடி பின்னால் போனேன்.

"பயப்படாத புள்ள. இந்தக் கண்ணுத் தண்டுக்குள்ள ஒரு சாமான் ஊறுது. ஓமோன். அது முட்டையப் பாத்து பொறு, பொறுண்டு சொல்லிக்கிட்டே ஈக்கும். தண்ட எடுத்துட்டா பொறுக்கச் சொல்ல ஆளில்ல. நாலே நாள்ல முட்டை."

"மற்றக் கண்?" என்று கேட்டேன்.

"அது தீன் தேடத் தேவதானே. நாங்க என்ன மிருகமா?"

அந்த விடுமுறையில் நாற்பது இறால்களுக்கு நான் செய்தேன். என் கை நடுங்கவில்லை. நானா மற்ற வேலையாட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்கடா, இன்னாசி அண்ணன்ட மக பூக் கிள்ளுற மாதிரிக் கிள்ளுறா. நீங்க தேங்கா உரிக்கிற மாதிரி உரிக்கிறீங்க." எல்லோரும் சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. பாடசாலையில் பத்து வருடத்தில் ஒருவரும் என்னைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. எனக்குப் பதில் தெரியும், ஆனால் கை உயர்த்த மாட்டேன். உயர்த்தினால் எழும்பி நிற்க வேண்டும். நின்றால் எல்லோரும் பார்ப்பார்கள். விஞ்ஞான ரீச்சர் என்னை மக்குப் பிள்ளை என்றே எண்ணியிருந்தார். வாய் திறக்காமல் பதில் சொல்லக்கூடிய இடம் உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது, அது பொதுச் சோதினை. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு டிசம்பர் பதினோராம் திகதி ஓ.எல். சோதினை தொடங்குவதாக இருந்தது. மூன்றாவது கொப்பியில் அந்தத் திகதியைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன். கொம்பாஸ் பெட்டி புதிதாக வாங்கி, திறக்காமல் வைத்திருந்தேன்.

ஓகஸ்ட் மாதம் அக்கா மெரினா தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போனாள். அவளுக்கு முன்பு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருந்தது. பெண் பிள்ளையாகப் பிறந்தால் அன்னம்மாளின் பெயரை வைப்பதாக நேர்ந்துகொண்டு திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே இரத்தம் பட்டுவிட்டது. அத்தான் றொகான் இத்தாலியில் இருந்தார். சிலாபத்தில் பெரிய டொக்டர் ஒருவரிடம் காட்டினோம். பிறக்கும் வரை படுக்கையை விட்டு எழும்பக்கூடாது என்றார். கருவைத் தாங்குகிற ஓமோன் என்று சின்ன வெள்ளைக் குளிசைகள் எழுதித் தந்தார். நாளுக்கு இரண்டு. பிள்ளை பிறக்கும் திகதி ஜனவரி முப்பது.

அம்மா காலையில் கருவாட்டு வாடிக்கு மீன் காயவைக்கப் போனால் பொழுதுபடத்தான் வருவார். படுத்திருக்கிறவளை யார் பார்ப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

"சோதினை எங்க ஓடப்போகுது? அடுத்த வருசமும் வைப்பாங்கள்" என்றார் அம்மா.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒன்றும் சொல்லாதவர்கள் சம்மதித்தவர்கள்.

அக்காவைப் பற்றி ஒரு குறையும் நான் சொல்ல மாட்டேன். என் கட்டிலில்தான் படுத்திருந்தாள். அது யன்னலோரம் இருந்தது. நான் நிலத்தில் பாய் போட்டுக்கொண்டேன். தன்னால்தான் என் படிப்பு நின்றது என்று அவளுக்குக் கவலை. "அடுத்த வருசத்துக்கு மறந்துபோகாமல் இருக்கட்டும்" என்று என் விஞ்ஞானப் புத்தகத்தை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பாள். மல்லாந்து படுத்தபடிதான். சில நேரம் புத்தகம் கை நழுவி மூக்கில் விழும்.

"தெக்லா, சொல்லு பாப்பம். ஓமோன் எண்டால் என்ன?"

அக்காவிடம் மட்டும் எனக்குக் கதை வரும். புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். புத்தகத்தில் இல்லாத இறால் கதையையும் சொன்னேன்.

"அடி ஆத்தே. அப்ப நான் குடிக்கிறதும் அந்தச் சாமான்தானே? பொறு, பொறு எண்டு சொல்லுற சாமான்."

"ஓம் அக்கா. அப்பிடித்தான் இருக்க வேணும்."

"அப்ப எனக்கும் இறாலுக்கும் ஒரே வருத்தம்." வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு சிரிக்கக்கூடாது என்று நினைவு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "இடுப்பு விட்டுப் போச்சுதடி. அந்த இடுக்கியைக் கொண்டந்து எனக்கும் ஒண்டைக் கிள்ளிவிடு. பெத்துப்போட்டிட்டு எழும்பி நடப்பம்."

இதை அவளே சொன்னாள். செப்ரெம்பர் இருபத்திரண்டு, சனிக்கிழமை. அன்றே கொப்பியில் எழுதிவைத்திருக்கிறேன்.

நான் அவசரப்படவில்லை என்பதையும் எழுத வேண்டும். அரைகுறையாக ஒன்றைச் செய்கிறவள் இல்லை நான். ஏழாம் மாதப் பிள்ளை தப்பும், எட்டாம் மாதப் பிள்ளை தப்பாது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அக்காவே ஒருநாள் பயந்துபோய் அம்மாவிடம் கேட்டாள், இது முந்தி வந்துவிட்டால் என்ன செய்வது என்று.

"ஏழில வந்தால் பயமில்லை. சந்திக் கடை மஹ்ரூபும் ஏழு மாசத்தில பிறந்தவன்தான். ஒரு முழ மீன் அளவில இருந்தானாம். இப்ப பார், தனியா ரெண்டு மூட்டை சீனி தூக்கிறான். எட்டில மட்டும் வரக்கூடாது, அந்தோனியாரே."

மஹ்ரூபை நான் கடையில் நன்றாகப் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை.

ஆகவே கணக்குப் போட்டேன். ஏழாம் மாதம் ஒக்ரோபர் இருபத்தைந்தில் பிறக்கிறது. எட்டாம் மாதம் நவம்பர் இருபத்தைந்தில் பிறக்கும். இடையில் முப்பத்தொரு நாள். இறாலுக்கு நாலு நாள் என்றால் மனிதருக்கு ஒரு கிழமை, கூடினால் இரண்டு கிழமை. பிள்ளை பிறந்து, அக்கா எழும்பி, எனக்குப் படிக்க ஒரு மாதம் மிஞ்சும். ஜனவரி வரை பொறுப்பதால் அக்காவுக்கும் பயனில்லை. முதுகில் புண் வரத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு நாளும் நான்தான் மருந்து பூசினேன். யாராவது அவளுக்கு ஓர் உதவி செய்ய வேண்டியிருந்தது.

கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசை, விற்றமின் சி ஒன்றையும் அக்கா தொட்டதே இல்லை. மணத்திலேயே வாந்தி எடுப்பாள். அவை கடதாசி உறைகளில் அப்படியே கிடந்தன. விற்றமின் சி சின்னது, வெள்ளை, வட்டம். டொக்டரின் ஓமோன் குளிசையும் சின்னது, வெள்ளை, வட்டம். அக்காவுக்குக் குளிசையை ஒரேயடியாக விழுங்க வராது. நாக்கில் வைத்து, கண்ணை மூடி, மனத்துக்குள் ஒரு செபம் சொல்லி, பிறகுதான் தண்ணீர் குடிப்பாள்.

ஒக்ரோபர் இருபத்தைந்து காலையில் அவள் முகம் சுளித்தாள்.

"இதென்னடி, புளிக்குது?"

"புதுப் பெட்டி அக்கா. வேறை கொம்பனி போல."

"மற்றதை விட இது பரவாயில்லை. புளியங்காய் தின்ன மாதிரி இருக்கு" என்று சொல்லிக் கையை நீட்டினாள், தண்ணீருக்கு.

எடுத்துவைத்த குளிசைகளை நான் எறியவில்லை. விலை கூடிய மருந்து. கொம்பாஸ் பெட்டியில் போட்டுவைத்தேன்.

பதினைந்து நாள் ஆகியது. நவம்பர் ஒன்பதாம் திகதி பின்னேரம் அக்கா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். முச்சக்கர வண்டியில் சிலாபம், அங்கிருந்து அம்புலன்ஸில் கொழும்பு. பெண் பிள்ளை. தொள்ளாயிரத்து அறுபது கிராம். எங்கள் வீட்டுச் சீனிப் போத்தலில் ஒரு கிலோ பிடிக்கும். நேர்த்திப்படி அன்னம்மாளை நினைத்து அனிற்றா என்று பெயர் வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள். ஏழாம் மாதம்தானே, தப்பும் என்று அம்மா வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். தப்பியது. அந்த விசயத்தில் கணக்குப் பிழைக்கவில்லை.

பிழைத்தது வேறொன்று. பிள்ளை முந்திப் பிறந்தால் வீட்டில் வேலை குறையும் என்று நான் நினைத்திருந்தேன். டிசம்பர் பதினோராம் திகதி காலை எட்டரை மணிக்கு, பிள்ளைகள் எல்லாம் வினாத்தாளைப் பிரித்த நேரத்தில், நான் ஆஸ்பத்திரி நடையில் அக்கா கறந்து தந்த பாலைச் சின்னப் போத்தலில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். இருபது மில்லிலீற்றர். என் அனுமதி அட்டை இன்னும் நாலாவது கொப்பிக்குள் இருக்கிறது.

பெப்ரவரியில் கண் கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். டொக்டர் யாழ்ப்பாணப் பக்கத்துப் பெண், மெல்லிசு. நெடு நேரம் பிள்ளையின் கண்ணுக்குள் பார்த்துவிட்டு, ஒரு கடதாசியின் பின்பக்கத்தில் உருண்டை வரைந்தார்.

"கண்ணுக்குப் பின்பக்கத்தில இருக்கிறது விழித்திரை. ஏழாம் மாசத்தில அது இன்னும் முடியேல்லை. நரம்புக் கலங்கள் வளந்துகொண்டிருக்கும், ரத்தக் குழாய்களும் அரைவாசி வழியிலதான் நிக்கும். உங்கட ஓமோன்கள் ரெண்டு, நஞ்சுக்கொடியால அங்கை போய்க்கொண்டிருக்கும். அதுகள் அந்தக் கலங்களைச் சாக விடாமல் காக்குது எண்டு இப்ப ஆராய்ச்சி செய்யிற ஆக்கள் சொல்லீனம். முந்திப் பிறந்தால் அந்த வரத்து ஒரே நாளில நிண்டுபோகும். வெளியில ஒட்சிசன் கூட. உயிர் தப்ப அது வேணும். ஆனா அந்தப் பிஞ்சுக்கு அது தாங்காது. குழாய் தாறுமாறா வளந்து, விழித்திரை கழண்டிட்டுது. வலது கண் தெரியாது. இடதுக்கு வெளிச்சம் மட்டும் தெரியும்."

அக்கா அழவில்லை. பிள்ளையின் காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அப்போதுதான் டொக்டர் என்னைக் கேட்டார், அக்கா குளிசையெல்லாம் ஒழுங்காகப் போட்டவவா என்று. நான் ஓம் என்றேன்.

"அப்ப ஒருத்தரிலயும் பிழையில்லை, அம்மா. குளிசை குடிச்சும் சில பிள்ளைகள் முந்தி வருவினம்."

அதை நான் உடனே எழுதிக்கொண்டேன். ஒருத்தரிலும் பிழையில்லை. திகதி, டொக்டரின் பெயர், கீழே கோடு. அக்கா இன்றுவரை அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். நான் வாசிப்பேன்.

அன்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கிளினிக்கில் சனம் நிறைந்திருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"டொக்டர், ஓமோன் பொறு எண்டு சொல்லுறது மட்டும்தானே?"

அவர் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். "இல்லைத் தங்கச்சி. செத்துப்போகாதை எண்டும் சொல்லும். கெட்டிக்காரி. என்ன படிக்கிறீர்?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தேன். இறாலில் கண்ணை எடுத்தால் ஓமோன் போகிறது. மனிதரில் ஓமோனை எடுத்தால் கண் போகிறது. வாய்ப்பாடு ஒன்றுதான், நான் எதிர்ப்பக்கத்தால் போட்டுவிட்டேன். இஸ்ஸதீன் நானா பாதிப் பாடம்தான் சொல்லித் தந்தார். புத்தகத்திலும் அந்த மீதி இல்லை. அடுத்த வருடம் சோதினை எழுதியிருந்தால் படித்திருப்பேனோ என்னவோ. எழுதவில்லை. அத்தான் இரண்டு வருடத்தில் காசு அனுப்புவதையும் தொலைபேசி எடுப்பதையும் விட்டுவிட்டார். அக்கா இறால் உரிக்கிற தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். பிள்ளை என்னிடம் வளர்ந்தாள்.

எட்டு வருடம் நான் பார்த்தேன். சொட்டு மருந்து, கிளினிக், கொழும்புப் பஸ். கிணற்றுக்கு எத்தனை அடி, கோயிலுக்கு எத்தனை அடி என்று எண்ணப் பழக்கினேன். அவள் என் காலடிச் சத்தத்தை வைத்தே நான் என்ன மனநிலையில் வருகிறேன் என்று சொல்லுவாள். "சின்னம்மா, இண்டைக்கு நீங்க ஒருத்தரோடையும் கதைக்கேல்லை என்ன?" என்பாள். அவளோடு கதைக்க எனக்கு வெட்கம் இல்லை. அவள் என்னைப் பார்ப்பதில்லை. கடவுள் எதையும் காரணமில்லாமல் செய்வதில்லை என்று பங்குத்தந்தை சொல்லும்போது, அவர் எங்களைத்தான் நினைத்துச் சொல்கிறார் என்று நினைப்பேன். தெக்லா இல்லாவிட்டால் இந்தப் பிள்ளையின் கதி என்ன என்று ஊரே சொல்கிறது. நான் மறுப்பதில்லை.

இன்று காலை பத்து மணிக்கு மிட்வைஃப் மரியம் வந்தார். கொரோனாவுக்கு நல்லது என்று வீட்டுக்கு வீடு விற்றமின் சி கொடுத்துக்கொண்டு போனார். தொழிற்சாலை பூட்டியிருந்ததால் அக்காவும் வீட்டில் நின்றாள். உறையைப் பிரித்து, எனக்கொன்று, அனிற்றாவுக்கொன்று, தனக்கொன்று எடுத்தாள். அவளுடைய பழக்கம் இன்னும் போகவில்லை. நாக்கில் வைத்து, கண்ணை மூடினாள்.

கண்ணைத் திறந்தாள்.

"இதை நான் முந்திக் குடிச்சிருக்கிறன்" என்றாள். "அனிற்றா வயித்தில இருக்கேக்க. உந்தப் புளிப்பு."

எனக்குப் பிழையான தகவல் பிடிக்காது. "இல்லையே அக்கா. உனக்கு அப்ப வாந்தியெல்லோ. கிளினிக் குளிசை ஒண்டையும் நீ தொடேல்லை. டொக்டற்ற வெள்ளைக் குளிசை மட்டும்தான் குடிச்சனீ" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னதை நானும் கேட்டேன்.

அக்கா குளிசையை நாக்கிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பாதி கரைந்திருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். எட்டு வருடத்தில் அப்படி ஒருவரும் என்னைப் பார்த்ததில்லை. எனக்குத் தலை குனிந்துவிட்டது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, பதினைந்து நாள், முப்பதும் கொம்பாஸ் பெட்டியில் இருக்கிறது, ஒன்றுகூடக் குறையாது என்று காட்டியிருப்பேன். நான்தான் மாற்றிக் கொடுத்தேன். கேட்டால் மறைக்கிறவள் இல்லை நான்.

"அம்மா ஏன் கதைக்கிறா இல்லை, சின்னம்மா?" என்றாள் அனிற்றா.

அக்கா உள்ளே போய் ஒரு பையில் பிள்ளையின் உடுப்புகளை அடுக்கினாள். செருப்பைப் போட்டுவிட்டாள். பிள்ளை வழக்கம் போல என் பக்கம் கையை நீட்டினாள். அந்தக் கையை அக்கா எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். படலையைத் திறந்து, பெரிய றோட்டுப் பக்கம் நடந்து போனாள்.

கொளுத்துகிற வெயில். அவசரத்தில் பிள்ளையின் தொப்பியை விட்டுவிட்டுப் போய்விட்டாள். இடது கண்ணுக்கு வெளிச்சம் கூசும், தொப்பி இல்லாமல் வெளியே கொண்டுபோகக்கூடாது என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். இந்த வீட்டில் அந்தப் பிள்ளையின் கண்ணைப் பற்றி என்னைத் தவிர ஒருவருக்கும் அக்கறையில்லை.